அந்த அரை பாயிண்ட்டில் என் பங்கு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். வானம் பார்த்த மேட்டு நிலத்தில் பிறந்து, லாரியில் கிளீனராக ஏறி, மூட்டை தூக்கி, பாலக்கோட்டில் சொந்தமாகத் தக்காளி மண்டி போட்டேன். இன்று பெங்களூர் வியாபாரி காலையில் எழுந்து முதலில் போன் போடுவது எனக்குத்தான். அடியில் வெறும் பாறை என்று ஊரே கைவிட்ட இடத்தில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தேன். பஸ் நிற்காத எங்கள் ஊர்க் கைகாட்டியில் பஸ்ஸை நிற்க வைத்தேன். மாடி வீடு கட்டினேன். பக்கத்திலேயே கல்யாண மண்டபம் கட்டினேன். பிள்ளைகள் எல்லாரையும் பட்டதாரி ஆக்கினேன். யாரும் தூக்கி விடவில்லை, எல்லாம் இந்தக் கை.

தற்பெருமை என்று நினைக்காதீர்கள். நினைத்தாலும் பரவாயில்லை, நடந்ததைத்தான் சொல்கிறேன். இந்தப் பட்டியலை எங்கே போனாலும் சொல்லும் எனக்கு, இதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்பது தெரியாமலே இருந்தது. அது தெரிந்தது போன கார்த்திகை மாதம், தர்மபுரி டவுனில் ஒரு பள்ளிக்கூட ஹாலில், சதுரங்கப் பலகைக்கு முன்னால்.

ஆமாம், சதுரங்கம். தக்காளிக்காரனுக்கும் சதுரங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கிளீனராக ஓடிய காலத்தில் தொப்பூர் கணவாயில் லாரி ஏதாவது கவிழ்ந்தால் ரோடு அடைத்துக்கொள்ளும். நின்றால் நின்ற இடம்தான். அப்படி ஒருமுறை சாலையோர ஓட்டலில் உட்கார்ந்திருந்தபோது, கன்னடக்கார டிரைவர் ஒருவர் அட்டையில் கட்டம் போட்டு எனக்குச் சொல்லிக் கொடுத்தார். தொலைந்துபோன யானைக்குப் பதிலாக ஒரு நட்டை வைத்திருந்தார். ஆட்டம் ஆரம்பித்ததுமே ராஜாவுக்குப் பக்கத்தில் இருக்கும் சிப்பாயைத் தள்ளி, எதிரி வெட்டும்படி சும்மா கொடுத்துவிடுவார். கேட்டால் "கொட்டு நோடு" என்பார். கொடுத்துப் பார் என்று அர்த்தம். ஒரு சிப்பாயைக் கொடுத்தால் வழி திறக்கும். அந்த வழியாக யானை, ராணி, மந்திரி எல்லாம் எதிரியின் ராஜா மேல் பாயும். அதற்கு 'கேம்பிட்' என்று பெயர் இருப்பதும், ராஜாக்கள் காலத்திலிருந்து ஆடுகிறார்கள் என்பதும் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். எனக்கு அது கொசுறு. ரெண்டு தக்காளி கூடப் போட்டால்தான் ஆள் நம் கடைக்கே வருவான், அதே கணக்கு. இன்று வரைக்கும் வேறு ஆட்டம் நான் ஆடியதில்லை.

தர்மபுரிப் போட்டி ரெண்டு நாள். ஊர்க்காரர்கள், வேலைக்குப் போகிறவர்கள், யார் வேண்டுமானாலும் ஆடலாம். அதிலிருந்து மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பார்கள் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. போய்ப் பெயர் கொடுத்தேன். வீட்டுக்காரி கேட்டுவிட்டு, "தோத்துட்டு வந்தீங்கன்னா மோட்டார் ரூம்லயே படுத்துக்கங்க, வூட்டுக்குள்ள வந்து அந்தக் கதைய எனக்குச் சொல்லாதீங்க" என்று வழியனுப்பினாள். துணைக்கு வந்தது என் பழைய லாரி டிரைவர். என் வயதுதான், வாய் மட்டும் எனக்கு மேல்.

போட்டி ஆட்டத்துக்கும் கணவாயில் ஆடிய ஆட்டத்துக்கும் ஏகப்பட்ட வித்தியாசம். கடிகாரம் வேறு ஓடுகிறது. ஒவ்வொரு நகர்த்தலையும் எழுத வேண்டும். அதற்குத் தேவையான ஆங்கில எழுத்தை மட்டும் தனியாகக் கற்றுக்கொண்டேன். அதற்கு மேல் எனக்கு எதற்கு? தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பதுதான் பெரிய தொல்லை. பழத்தை அமுக்கிப் பார்க்காமல் வாங்கிப் பழக்கமில்லாத கை இது. முதல் ஆட்டத்திலேயே பழக்கதோஷத்தில் ராணியைத் தொட்டுவிட்டு விழித்தேன். இடைவேளையில் டிரைவர் வந்து, "மொதலாளி, அது பெங்களூர் தக்காளி இல்ல, அமுக்கிப் பாக்காத. கைய இடுப்புல கட்டிக்கிட்டு ஆடு" என்றார். அப்படித்தான் ஆடினேன். காலேஜ் பசங்களையும் ஒரு வாத்தியாரையும் 'கொட்டு நோடு'விலேயே கவிழ்த்தேன்.

ரெண்டாம் நாள் மத்தியானம் நிலைமை இதுதான். அணிக்கு நாலு பேர். மூன்று பேர் முடிவாகிவிட்டது. நாலாவது இடத்துக்கு நானும் இன்னொரு பெண்ணும் ஒரே பாயிண்ட்டில் நிற்கிறோம். எங்களுக்கு அரை பாயிண்ட் பின்னால் ஒரு பேங்க் ஊழியர்.

சாப்பாட்டுப் பந்தியில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது அந்தப் பெண்தான். நாற்பது வயது இருக்கும். பென்னாகரம் ரோட்டில் ஏதோ ஊர் சொன்னார். விவசாயம்தான். மோட்டாருக்கு மும்முனைக் கரண்ட் வரும் வரைக்கும் தோட்டத்தில் காத்திருக்கும் நேரத்தில் போனில் சதுரங்கம் ஆடி ஆடித் தேறியிருக்கிறார். பள்ளிக்கூடம் படிக்கையில் ஒரு தடவை மாவட்ட அணிக்குத் தேர்வானவராம். வெளியூர் போக வேண்டும் என்றதும் வீட்டில் விடவில்லை. கொஞ்ச நாளில் கல்யாணமும் ஆகிவிட்டது.

"ஜெயிச்சா என்னம்மா குடுப்பாங்க?" என்று கேட்டேன்.

"முதுகுல தர்மபுரின்னு எழுதின பனியன் குடுப்பாங்களாங்கய்யா. அத ஒருவாட்டி போட்டுப் பாத்துரணுங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்த மாதிரிதான் இருந்தது, ஆனால் இலையில் இருந்த சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாரே ஒழிய சாப்பிடவில்லை.

கடைசிச் சுற்றில் எனக்கும் அவருக்கும்தான் ஆட்டம் என்று அப்போதே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். நான் ஜெயித்தால் பனியன் எனக்கு. அவர் ஜெயித்தால் அவருக்கு. ஜெயித்தால் ஒரு பாயிண்ட், டிரா ஆனால் ஆளுக்கு அரை; பாயிண்ட் சமமானால் பலமான ஆட்களோடு ஆடியவருக்குத்தான் இடம், எங்கள் ரெண்டு பேரில் அப்படி ஆடி வந்தவர் அவர்தான். ஆனால் அந்தப் பேங்க் ஊழியர் பக்கத்துப் பலகையில் ஜெயித்துவிட்டால் மூன்று பேரும் சமம் ஆகிவிடுவோம். அவர் எங்களையெல்லாம் விடப் பலமானவர்களோடு ஆடியவர். இடம் அவருக்குப் போய்விடும்.

வெள்ளைக் காய் எனக்கு விழுந்தது. ராஜா முன்னால் இருந்த சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளினேன். அவரும் தள்ளினார். பக்கத்துச் சிப்பாயைத் தள்ளிக் கொசுறு போட்டேன். யோசிக்காமல் வெட்டிக்கொண்டார். சரி, ஆள் கடைக்குள் வந்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு நான் ஆடியதைப் போல் என் ஆயுசில் ஆடியதில்லை. திறந்த வழியில் யானை வந்து நின்றது. மந்திரி குறுக்கே பாய்ந்தது. ராணி நடு வீதிக்கு வந்தாகிவிட்டது. அந்தப் பெண்ணின் ராஜா ஒதுங்க இடமில்லாமல் நடுவிலேயே மாட்டிக்கொண்டது. சுற்றி ஆட்கள் கூடினார்கள். அவர் நெற்றியில் வேர்வை. முந்தானையால் துடைத்துவிட்டு ஒரு காயை நகர்த்தினார். தலையைத் தூக்காமல் மெல்லிய குரலில், "டிராவா வச்சுக்கலாங்களா?" என்றார்.

இங்கே எங்கள் மண்டி வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எதிராளி முதலில் சொல்லும் விலைக்கு எங்களில் யாரும் சரி சொல்வதில்லை. சொன்னால் நம் சரக்கை நாமே மட்டம் தட்டின மாதிரி. தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். நாலு இடம் சுற்றிப் பார்த்து, சரிப்படவில்லை என்றால் அதே ஆளிடம் திரும்பி வந்து, பேசாமல் கையை நீட்ட வேண்டும். 'நீ முதலில் சொன்னதுக்கே எனக்குச் சம்மதம்' என்று அதற்கு அர்த்தம். அவர் கையைப் பிடித்தால் முடிந்தது, பிறகு எது வந்தாலும் விலை மாறாது. பிடிக்காவிட்டால் அந்த விலை அத்தோடு செத்தது. முன்பெல்லாம் கை மேல் துண்டைப் போட்டு விரலைப் பிடித்துப் பேசுவோம். இப்போது துண்டு போய்விட்டது, கை மட்டும் இருக்கிறது.

ஆகவே அவர் டிரா கேட்டதும் என் தலை தானாக ஆடியது. "ஆடுவோம்மா" என்றேன். டிரா ஆனால் எனக்கு இடம் கிடையாது என்பதும் உண்மைதான். ஜெயிக்கும் ஆட்டத்தை எவன் விடுவான்?

அடுத்த நகர்த்தலில் குதிரையையும் கொடுத்தேன். சிப்பாய் கொடுத்து இவ்வளவு கிடைத்ததென்றால் குதிரை கொடுத்தால் எவ்வளவு கிடைக்கும் என்று ஒரு வேகம். அவர் நெடுநேரம் பார்த்தார். வெட்டினார். நான் செக் வைத்தேன். ராஜா நகர்ந்தது. மறுபடி செக். மறுபடி நகர்ந்தது. அந்த ராஜா, வரப்பில் நடக்கிற மாதிரி ஒவ்வொரு கட்டமாகக் கால் வைத்து, பலகையின் அந்தக் கோடிக்கே போய் உட்கார்ந்துவிட்டது. செக் வைக்க என்னிடம் இனி காய் இல்லை. அவரிடம் ஒரு குதிரை அதிகம். கடிகாரத்தில் என் நேரமும் தேய்ந்துகொண்டிருந்தது.

வெயில் ஏறிய பிறகு மண்டியில் வியாபாரி எல்லாம் கலைந்து போய்விட, சரக்கோடு தனியாக நிற்பவனின் நிலைமை என்னவென்று எனக்குத் தெரியும். யோசிக்கவே இல்லை. கடிகாரத்தை நிறுத்திவிட்டு, பேசாமல் கையை நீட்டினேன்.

சதுரங்கத்தில் அப்படிக் கை நீட்டினால் தோல்வியை ஒத்துக்கொண்டதாக அர்த்தமாம்! எனக்கு யார் சொன்னார்கள்? சுற்றி நின்றவர்கள், "பெரியவர் தோத்துட்டாரு, பெரியவர் தோத்துட்டாரு" என்று கிசுகிசுத்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

"தோக்கலைங்க! இந்தம்மா கேட்ட டிராவுக்குத்தான் கை குடுக்கறேன்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

நடுவர் வந்தார். சின்ன வயசு, பொறுமைசாலி. "ஐயா, நீங்க வேணாம்னு சொன்னப்பவே அந்த டிரா முடிஞ்சு போச்சுங்க" என்றார். பிறகு அந்தப் பெண்ணிடம், "அவர் தோல்வியை ஒத்துக்கிட்டாருன்னு நீங்க எடுத்துக்கிட்டா நான் விசாரிக்கணும். இல்ல, இப்பத்தான் டிரா கேக்கறாருன்னா நீங்க வேணாம்னுட்டுத் தொடர்ந்து ஆடலாம். ஒத்துக்கணும்னு கட்டாயம் இல்லம்மா" என்றார்.

பின்னாலிருந்து யாரோ, "குதிர கூட இருக்குதுக்கா, உட்றாத!" என்றார்கள். நடுவர் திரும்பி முறைத்தார்.

என் கை நீட்டியபடியே இருந்தது. மடக்கவும் மனமில்லை, வைத்திருக்கவும் வெட்கம். அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். அப்புறம் பக்கத்துப் பலகையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே பேங்க் ஊழியர் ராணியோடு இருக்கிறார், எதிராளியிடம் ராஜாவைத் தவிர ஒன்றும் இல்லை. எங்கள் ஆட்டத்தைத் தொடர்ந்து ஆடினால் பனியன் அந்தப் பெண்ணுக்கு நிச்சயம். டிரா என்றால் போனது போலத்தான். அது எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது.

"ஐயா தோக்கலீங்க சார். நான் கேட்டதுக்குத்தான் கை நீட்டறாரு" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தார். காய்ப்புக் காய்த்த கை. மண்டியில் பிடிக்கிற மாதிரியே ஒரு அழுத்து அழுத்திவிட்டு விட்டார்.

டிரா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும் நான் சும்மா இருக்க முடியாமல், "ஏம்மா இப்படிப் பண்ணுன? ஜெயிக்கிற ஆட்டம் இல்ல அது?" என்று கேட்டேன். திட்டுகிற மாதிரிதான் கேட்டேன்.

"ஒரு வருசம் தக்காளி வெல உழுந்து, ரோட்டோரமே கொட்டிட்டுப் போனாங்களே, ஞாபகம் இருக்குதுங்களா?" என்றார். "அன்னிக்குக் காலையில எங்க வண்டிக்குக் கை குடுத்தீங்க. மத்தியானம் வெல பாதாளத்துக்குப் போயிருச்சு. எங்க வூட்டுக்காரரு உங்ககிட்ட வந்து நிக்கவே பயந்தாருங்க. நீங்க கை குடுத்த வெலையவே குடுத்தனுப்புனீங்க. நான் வண்டியிலதாங்க உக்காந்திருந்தேன்."

எனக்கு ஞாபகமே இல்லை. மனதை எவ்வளவு துருவினாலும் அந்த நாள் வரவில்லை. அன்றைக்கு எத்தனை வண்டிக்குக் கை கொடுத்தேனோ. கை கொடுத்தாகிவிட்டது, வேறென்ன செய்வது என்று கொடுத்திருப்பேன். போர் போட்ட கதையை ஊர் ஊராகச் சொல்லத் தெரிந்த எனக்கு, இந்தக் கதையைச் சொல்ல ஒரு ஆள் பென்னாகரம் ரோட்டிலிருந்து வர வேண்டியிருந்தது.

"அப்பவே சாப்பாட்டுல சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா, உட்டுக்குடுங்கன்னு கேக்கற மாதிரி ஆயிருங்களேய்யா."

நான் ஹால் வாசல் பக்கம் திரும்பினேன்.

உள்ளே பேங்க் ஊழியரின் ஆட்டம் மட்டும்தான் பாக்கி. ஹாலே அந்தப் பலகையைச் சுற்றி நின்றது. அந்தப் பெண் உள்ளே போகவில்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாகத் தூண் ஓரம் நின்றார். நான்தான் உள்ளே போய் எட்டிப் பார்த்தேன். அவ்வளவு நேரம் எனக்காக வேண்டிக்கொள்ளாத சாமியை எல்லாம் அவருக்காக வேண்டிக்கொண்டேன்.

பேங்க் ஊழியருக்குக் கடிகாரத்தில் நேரம் குறைவு. தட்டித் தட்டி ஆடிக்கொண்டிருந்தார். எதிராளியின் ஒற்றை ராஜாவை மூலையில் ஒதுக்கிவிட்டார். இன்னும் ஒன்றிரண்டு நகர்த்தலில் முடிந்துவிடும். ராணியைத் தூக்கி அவசரமாக ஒரு கட்டத்தில் வைத்தார். வைத்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அந்த ராஜாவுக்குச் செக் இல்லை, ஆனால் நகரவும் ஒரு கட்டம் இல்லை. அப்படி ஆனால் ஆட்டம் டிரா. பாவம், தலையில் கை வைத்துக்கொண்டார்.

நான் தாழ்வாரத்துக்கு ஓடினேன். இந்த வயதில், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "டிரா! டிரா! அந்தாளும் டிரா!" என்று கத்தினேன். அந்தப் பெண் குதிக்கவில்லை, அழவில்லை. பாட்டில் மூடியை நன்றாகத் திருகி மூடினார். உள்ளே போய் நடுவரிடம், "பனியன் அளவு இப்பவே சொல்லணுங்களா சார்?" என்று கேட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் டிரைவர் என்னைத் தின்றுவிட்டார். "சிப்பாயக் குடுத்த, குதிரையக் குடுத்த, கையக் குடுத்த, கடைசியில சீட்டையும் குடுத்துட்டு வர்ற. உனக்கு அந்தக் கன்னடக்காரன் வாங்கறதுக்குச் சொல்லித் தரவே இல்லியா?" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. வீட்டுக்கு வந்து, தோற்கவில்லை என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டுக் கட்டிலிலேயே படுத்தேன்.

மாநிலப் போட்டிக்கு எங்கள் மாவட்ட அணி போய் வந்தது. கோப்பை ஒன்றும் வரவில்லை. அந்தப் பெண் சிலதில் ஜெயித்தார், சிலதில் தோற்றார். அது பெரிய விஷயமில்லை. வயலில் வேலை செய்யும் பெண்கள் புடவை மேல் ஆண் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். இப்போது அவர் புடவை மேல் அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டுதான் தக்காளி வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து என் மண்டிக்கு வருகிறார். இறங்கித் திரும்பினால் முதுகில் 'தர்மபுரி'. சுமை தூக்குகிறவர்கள் கூட வழி விடுகிறார்கள். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் என் மண்டபத்தில் பலகை விரிக்கிறோம். அவர் ஊரிலிருந்து நாலைந்து பெண்கள் வருகிறார்கள், மாரண்டஹள்ளியிலிருந்தும் வருகிறார்கள். பந்திப் பாய்தான் ஆசனம். போன வாரம் ஒரு அம்மா எனக்கே 'கொட்டு நோடு' போட்டார். நான் வாங்கிக்கொள்ளாமல் நகர்ந்தேன். எனக்கா தெரியாது?

இதிலெல்லாம் எனக்கு ஒரே ஒரு குறை. அந்தப் பெண்ணைப் பற்றி உள்ளூர்ப் பேப்பரில் போட்டார்கள். 'கடைசிச் சுற்றை டிரா செய்து மாவட்ட அணியில் இடம் பிடித்தார்' என்று ஒரு வரி. யாரோடு டிரா? சுவரோடா? பலகைக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள் உட்காராமல் டிரா எப்படி வரும்? நான் குதிரையைக் கொடுத்திருக்காவிட்டால், கையை நீட்டியிருக்காவிட்டால், அதற்கும் வருடங்களுக்கு முன்னால் அந்த வெயிலில் அந்த வண்டிக்குக் கை கொடுத்திருக்காவிட்டால் அந்த அரை பாயிண்ட் எங்கிருந்து முளைத்திருக்கும்?

நான் கட்டியதையெல்லாம் மேலே வரிசையாகச் சொன்னேன். அதில் எதையும் யாரும் எனக்குத் திருப்பித் தந்ததில்லை. நான் மறந்தே போன ஒன்றுதான் ஒரு மனுசியின் மனதில் இத்தனை வருடம் கெடாமல் இருந்து, என் கை காற்றில் தனியாக நின்றபோது வந்து பிடித்துக்கொண்டது. ஆகவே இதைப் படித்துவிட்டு யார் அந்தப் பெண்ணைப் பற்றி எழுதினாலும் பேசினாலும், எதிரே உட்கார்ந்தவன் நான் என்பதையும் ஒரு வரி சேர்க்க வேண்டும். பெயர் வேண்டாம் என்றால் பாலக்கோட்டுத் தக்காளி மண்டிக்காரன் என்று போடுங்கள், போதும். அந்த முதுகில் இருக்கும் தர்மபுரியில் ஒரு எழுத்தாவது என்னுடையது.